படம் பார்ப்பதற்கும் ஒரு பாடமா?

உயர்தரத்துக்கு நான் தெரிவு செய்த மூன்று பாடங்களையும் வாப்பாவிடம் சொன்ன நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. தமிழ் என்றதும் தலையாட்டினார். புவியியல் என்றதும் தலையாட்டினார். மூன்றாவதாகத் 'தொடர்பாடலும் ஊடகக் கற்கையும்' என்றேன். அந்த நீண்ட பெயரும் அவரை ஒன்றும் செய்யவில்லை. பக்கத்திலிருந்த சாச்சிதான், "அதுக்குள்ள சினிமாவும் வருமாம்" என்று எடுத்துக் கொடுத்தார். வாப்பா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "படம் பாக்கிறதுக்கும் ஒரு பாடமா மகள்?" என்று கேட்டார்.

அவர் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பெருநாள் விடுமுறையில் ரீ.வி.யில் படம் ஓடத் தொடங்கினால் எழுந்து முற்றத்துக்குப் போய்விடும் மனிதர் அவர். அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. பாடத்தைத் தொடங்கி ஒன்றரை வருடமாகிவிட்டது. இதே கேள்வியை வீட்டில் கேட்கப்போகும் தங்கைமாருக்காகவும், கேட்கப்போகும் பெற்றோருக்காகவும் நான் கற்றவற்றில் சிலதை இங்கே எழுதுகிறேன்.

முதல் பாடவேளையில் டீச்சர் ஒரு படத்தைப் போட்டார். போட்டதும் ஒலியை நிறுத்திவிட்டார். "படம் மாறும் ஒவ்வொரு தடவையும் மேசையில் ஒரு தட்டு தட்டுங்க" என்றார். படம் மாறுவது என்றால் காட்சி முடிவதல்ல. ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் இடையே தொடர்ச்சியாக ஓடும் துண்டைத்தான் ஷொட் என்கிறார்கள். முதலில் அவர் போட்டது ஒரு விளம்பரம். அரை நிமிடம் கூட இல்லை. வகுப்பே றபான் அடித்தது போல் தட்டித் தீர்த்தது. அத்தனை வெட்டுகள் இருந்ததை அதுவரை நாங்கள் யாருமே கவனித்ததில்லை. பின்பு அவர் போட்டது ஈரானிய இயக்குநர் மஜீத் மஜீதியின் 'சில்ட்ரன் ஒஃப் ஹெவன்'. 1997இல் வெளிவந்த படம். பிறமொழித் திரைப்படத்துக்கான ஒஸ்கார் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்ட முதல் ஈரானியப் படமும் இதுதான். அதன் தொடக்கத்தில் ஒரு செருப்புத் தைப்பவரின் கைகள், பழைய இளஞ்சிவப்புச் சப்பாத்து ஒன்றைத் தைத்துக்கொண்டே இருக்கின்றன. எழுத்துகள் ஓடுகின்றன, கைகள் தைக்கின்றன. நாங்கள் தட்டுவதற்குக் கையை ஓங்கியபடியே காத்திருந்தோம்.

இந்த ஒரு ஷொட்டைப் பற்றி மட்டும் டீச்சர் ஒரு பாடவேளை முழுவதும் கதைத்தார். தைப்பவரின் முகத்தைக் காட்டவில்லை. கடையைக் காட்டவில்லை. காத்திருக்கும் சிறுவனையும் காட்டவில்லை. ஒரு கிழிந்த சப்பாத்தை இவ்வளவு நேரம் ஏன் பார்க்க வைக்கிறார்? அலி என்ற அந்தச் சிறுவன் தங்கை ஸஹ்ராவின் சப்பாத்தைத் தைத்து எடுத்துக்கொண்டு வருகிறான். வரும் வழியில், உருளைக்கிழங்கு வாங்க நின்ற கடையில் அது தொலைந்துபோகிறது. பார்க்கும் நாங்கள் அனைவரும் "ஐயோ" என்றோம். ஒரு பழைய சப்பாத்துக்காக ஏன் பதறினோம் என்று டீச்சர் திருப்பிக் கேட்டபோதுதான் விளங்கியது. அதன் ஒவ்வொரு தையலையும் எங்களுக்குக் காட்டியிருந்தார்கள். அது எங்கள் வீட்டுச் சப்பாத்து ஆகிவிட்டிருந்தது.

இப்படிக் கிட்டத்தில் காட்டுவதை அண்மைக் காட்சி என்கிறோம். தூரத்திலிருந்து ஆளையும் இடத்தையும் சேர்த்துக் காட்டுவது சேய்மைக் காட்சி. (தொலைக் காட்சி என்று எழுதினால் எல்லோரும் ரீ.வி. என்று நினைத்துவிடுவார்கள்.) இடைப்பட்டது நடுத்தரக் காட்சி. பரீட்சைக்கு இவற்றின் வரைவிலக்கணம் தெரிந்தால் போதும். ஆனால் அதைப் பாடமாக்கிவிட்டால் படம் விளங்கிவிடும் என்று நினைக்க வேண்டாம். நான் முதலில் அப்படித்தான் செய்தேன். என் முதல் ஒப்படையில், "இங்கே அண்மைக் காட்சி வருகிறது, அங்கே சேய்மைக் காட்சி வருகிறது" என்று இரண்டு பக்கம் எழுதினேன். டீச்சர் கீழே சிவப்பு மையில் ஒரே சொல் எழுதியிருந்தார்: "ஏன்?"

அந்த 'ஏன்' தான் பகுப்பாய்வு. உதாரணத்துக்கு, அலியும் வாப்பாவும் தோட்ட வேலை தேடிச் சைக்கிளில் தெஹ்ரானின் பணக்காரப் பகுதிக்குப் போகும் இடத்தைப் பாருங்கள். தங்கள் ஒழுங்கையில் அவர்களை நெருக்கமாகப் பார்த்துப் பழகிய நமக்கு, இங்கே உயர்ந்த கட்டடங்களும் நீண்ட மதில்களும் பெரிய கேற்றுகளும்தான் கண்ணை நிறைக்கின்றன. மனிதர் சிறுத்துப் போகிறார்கள். 'அவர்கள் ஏழைகள்' என்று யாரும் வசனம் பேசவில்லை. அதே போல, சப்பாத்து தொலைந்ததைப் பெற்றோர் அறியக்கூடாது என்பதற்காக அண்ணனும் தங்கையும் அவர்கள் முன்னாலேயே கொப்பியில் எழுதி எழுதிக் கதைத்துக்கொள்ளும் காட்சி. ஒரே அறை, பெரியவர்களின் பேச்சு ஒரு பக்கம், பென்சிலின் பேச்சு இன்னொரு பக்கம். இடமில்லாத வீட்டில் இரகசியம் எப்படி இருக்கும் என்பதை இதைவிட நன்றாக ஒரு சிறுகதையில் கூட நான் வாசித்ததில்லை.

ஒலியையும் சொல்ல வேண்டும். ஓட்டப் போட்டியில் மூன்றாம் பரிசு ஒரு சோடிச் சப்பாத்து. அலிக்குத் தேவை அந்த மூன்றாம் இடம்தான். ஓட்டத்தின்போது ஓரிடத்தில் படம் மெதுவாகிறது. அவனுடைய மூச்சு நம் காதுக்குள் கேட்கிறது. டீச்சர் அந்தப் பகுதியை ஒலியில்லாமல் ஒரு தடவையும் ஒலியோடு ஒரு தடவையும் போட்டார். ஒலியில்லாதபோது சில பிள்ளைகள் ஓடினார்கள், அவ்வளவுதான். ஒலியோடு பார்த்தபோது எங்களுக்கு மூச்சு வாங்கியது.

மஜீதி இவற்றை உண்மையான தெருக்களில் எடுத்தார். நம் நாட்டில் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1956இல் 'ரேகாவ'வுக்காகக் கமெராவை ஸ்டூடியோவிலிருந்து வெளியே கொண்டுபோய்க் கிராமத்தில் வைத்தது ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசப்படுகிறது என்பதும் எனக்கு இந்த ஈரானியப் படத்தால்தான் விளங்கியது. இடமும் படத்தில் நடிக்கிறது.

இனிப் படத்தொகுப்பு. இந்தப் பகுதியை எழுத நான் மூன்று தடவை உட்கார்ந்து மூன்று தடவை எழும்பினேன்.

சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் ரஷ்யாவில் லெவ் குலெஷொவ் என்ற இயக்குநர் ஒரு பரிசோதனை செய்தார். ஒரு நடிகரின் உணர்ச்சியற்ற முகத்தை எடுத்தார். அதன் பக்கத்தில் ஒரு தடவை சூப்புக் கோப்பை, ஒரு தடவை பெட்டியில் கிடத்தப்பட்ட இறந்த குழந்தை, ஒரு தடவை ஒரு பெண் என்று ஒட்டினார். முகம் ஒன்றேதான். பார்த்தவர்களோ பசியையும் துயரத்தையும் ஆசையையும் அந்த முகத்தில் கண்டார்களாம். அர்த்தம் முகத்தில் மட்டும் இல்லை, அதன் பக்கத்தில் எதை வைக்கிறோம் என்பதிலும் இருக்கிறது.

நாங்களும் செய்து பார்த்தோம். என் பக்கத்து இருக்கைத் தோழிதான் முகம் தந்தாள். சிரிக்காமல் இருக்க அவள் பட்ட பாடு தனிக்கதை. அவளுடைய முகத்துடன் ஒரு பிரியாணித் தட்டு, ஒரு பரீட்சைப் பெறுபேற்றுத் தாள், ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு சிறுபிள்ளை ஆகிய மூன்றையும் சேர்த்து டீச்சர் தன் போனில் தொகுத்தார். வர்த்தகப் பிரிவு மாணவிகளிடம் காட்டினோம். பசி, பயம், அழுகை என்று வரிசையாகச் சொன்னார்கள். பெறுபேற்றுத் தாளைக் கண்டதும் இவளுடைய கண் கலங்கியதைத் தன் கண்ணால் கண்டதாக ஒருத்தி சத்தியம் பண்ணாத குறை.

அதற்கு மூன்று வாரங்களுக்குப் பின் பரிசளிப்பு விழா. கிறாஅத் போட்டியில் பரிசு பெற்ற தரம் 8 தங்கை ஒருத்தி மேடை விரிப்பில் கால் தடுக்கி விழப் பார்த்தாள். அதிபர் சட்டென்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவளும் சமாளித்துப் பரிசை வாங்கிக்கொண்டு போனாள். மண்டபத்தில் யாருமே சிரிக்கவில்லை. ஒரு தோழியின் ராத்தா விழா முழுவதையும் போனில் எடுத்து எங்கள் குழுவில் போட்டிருந்தார். அந்த வீடியோவின் வேறோர் இடத்தில், விழா தொடங்கும் முன், என் பக்கத்து இருக்கைத் தோழி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது பதிவாகியிருந்தது. யாரோ ஒரு சிறுவன் கதிரைகளுக்கு இடையே ஊர்ந்து விளையாடியதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு அது.

நான் அன்றிரவு இரண்டையும் ஒட்டினேன். தங்கை தடுக்குகிறாள். வெட்டு. தோழி சிரிக்கிறாள். அதிபரின் கை வருவதற்கு முன்பே வெட்டிவிட்டேன். மொத்தம் ஏழு விநாடி. குலெஷொவ் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறார் என்று காட்டத்தான் நான்கு பேருக்கு அனுப்பினேன். 'பாருங்கடி, பாடம்' என்று கீழே எழுதியதும் ஞாபகம் இருக்கிறது.

அனுப்பப்பட்டவர்களிடமிருந்து வேறு பலருக்குப் போனபோது நான் எழுதிய அந்த வரி கூடப் போகவில்லை. வீடியோ மட்டும் போனது. மறுநாள் இஷாவுக்குள் அந்தத் தங்கையின் உம்மா பார்த்துவிட்டார். தோழியின் வீட்டுக்குக் கோல் வந்தது. கிறாஅத் ஓதிப் பரிசு வாங்கும் பிள்ளை விழுவதைப் பார்த்துச் சிரிக்கும் அளவுக்கு வளர்த்திருக்கிறீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். அவள் அப்படிச் சிரிக்கவில்லை என்று சொன்னால் யார் நம்புவார்? எல்லோரும்தான் கண்ணால் கண்டார்களே.

உம்மாவைக் கூட்டிக்கொண்டு இரண்டு வீடுகளுக்கும் போனேன். நடந்ததைச் சொன்னேன். வெட்டாத முழு வீடியோவையும் குழுவில் மறுபடி போட்டேன். ஏழு விநாடியைப் பார்த்தவர்களில் எத்தனை பேர் இரண்டரை மணித்தியாலத்தைப் பார்த்திருப்பார்கள் என்று எனக்குச் சொல்லத் தேவையில்லை. தங்கையின் உம்மா மன்னித்துத் தேநீரும் தந்தார். தோழிதான் பல நாட்கள் பேசவில்லை. பேசியபோது, "நான் சிரிச்சது உண்மை. ஆனா எப்ப சிரிச்சேன் என்டத நீ மாத்திட்டாய்" என்றாள். எந்தப் பாடநூலிலும் படத்தொகுப்புக்கு இவ்வளவு சரியான வரைவிலக்கணத்தை நான் காணவில்லை. வாப்பா ஒன்றும் சொல்லவில்லை. என் போனை எடுத்து அலுமாரியின் மேல் வைத்தார். இரண்டு வாரம் அது அங்கேயே இருந்தது.

பகுப்பாய்வுக்காகக் கொப்பியில் மூன்று நிரல்கள் போடும்படி டீச்சர் ஆரம்பத்திலேயே சொல்லித் தந்திருந்தார். காண்பது, கேட்பது, அடுத்து வருவது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நான் நான்காவதாக ஒரு கோடு போட்டுக்கொண்டேன். காட்டாதது. இதை நிரப்புவதுதான் கடினம். ஆனால் இப்போது செய்தி பார்க்கும்போதும், வட்ஸ்அப்பில் யாராவது 'எல்லோருக்கும் பகிருங்கள்' என்று ஒரு துண்டு அனுப்பும்போதும், கை தானாக அந்த நான்காவது நிரலைத் தேடுகிறது. இதற்கு முன் என்ன நடந்தது? கமெராவுக்குப் பின்னால் யார் நின்றார்? யாருடைய கை வெட்டப்பட்டிருக்கிறது?

இந்தத் தவணை ஒப்படைக்காக அதே ஈரானியப் படத்தை வீட்டில் மறுபடியும் பார்க்க வேண்டியிருந்தது. இஷாவுக்குப் பின் மடிக்கணினியை மேசையில் வைத்து நிறுத்தி நிறுத்தி எழுதிக்கொண்டிருந்தேன். வாப்பா தண்ணீர் குடிக்க வந்தவர் கதவடியில் நின்றுவிட்டார். திரையில் அலியின் வாப்பா பள்ளிவாசலுக்கு வந்த சீனியை உடைத்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் சீனி குவிந்து கிடக்கிறது. மகள் தேநீர் கொண்டு வருகிறாள். அதற்குச் சீனி கேட்கிறார். இவ்வளவு சீனி இருக்கிறதே என்கிறாள் மகள். அது பள்ளிவாசலுக்குரியது என்கிறார் அவர்.

"அமானிதம்" என்றார் வாப்பா, தனக்குள் சொல்வது போல. பிறகு கதிரையை இழுத்து உட்கார்ந்தார்.

முடிவு வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அலி முதலாவதாக வந்துவிடுகிறான். எல்லோரும் அவனைத் தூக்கிக் கொண்டாட, சப்பாத்து கிடைக்காத அவன் அழுகிறான். முடிவுக்குச் சற்று முன் அவனுடைய வாப்பாவின் சைக்கிள் வருகிறது. சாமான்களோடு இரண்டு சோடிப் புதுச் சப்பாத்துகள். கொஞ்ச நேரம்தான். பின்பு அலி முற்றத்துத் தொட்டியில் கொப்புளம் போட்ட கால்களை வைக்கிறான். மீன்கள் வந்து காலைச் சுற்றுகின்றன. படம் முடிகிறது. அவனிடம் சப்பாத்து வந்து சேர்வதை மஜீதி காட்டவே இல்லை.

"சைக்கிள்ல இருந்தத அந்தப் புள்ள கண்டதா?" என்று வாப்பா கேட்டார்.

"இல்ல வாப்பா. நமக்கு மட்டும்தான் காட்டினாங்க."

அவர் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தச் சைக்கிள இன்னொருக்காப் போடு மகள்" என்றார்.