பாயின்ட் இருந்தும் புரமோஷன் இல்லை: ரஷ்யக் கால்பந்தின் இரண்டாம் டிவிஷனில் 2024-25 சீசனில் என்னதான் நடந்தது?

34 மேட்ச். ஜூலையில் தொடங்கி மே வரை. 18 அணிகளில் இரண்டாவது இடம். விதிப்படி முதல் இரண்டு இடங்களுக்கு நேரடியாக மேல் டிவிஷன் டிக்கெட். மாஸ்கோவின் டார்பிடோ கிளப் 2025 மே மாதம் இதையெல்லாம் முடித்துவிட்டு, பிரீமியர் லீக்குக்குப் போகத் தயாராக இருந்தது. ஜூலையில் பிரீமியர் லீக் தொடங்கியபோது அந்தப் பட்டியலில் டார்பிடோ இல்லை. அந்த இடத்தில் இருந்தது, மேல் டிவிஷனில் தோற்றுக் கீழே இறங்கியிருக்க வேண்டிய ஒரென்பர்க்.

அப்ரைசலில் நல்ல ரேட்டிங் வாங்கியும் புரமோஷன் லெட்டர் வராத கதை நமக்குப் புதுசில்லை. ஆனால் கால்பந்தில் புள்ளிப்பட்டியல்தானே எல்லாம்? ரஷ்யாவில் அப்படி இல்லை. அங்கே ஒரு சீசன் மைதானத்தில் முடிந்த பிறகு, ஆபீஸ் அறைகளில் இன்னொரு சீசன் நடக்கிறது.

முதலில், இது எந்த லீக்?

ரஷ்யாவின் உச்ச டிவிஷன் ரஷ்யன் பிரீமியர் லீக். அதில் 16 அணிகள். அதற்கு அடுத்த படிதான் 'முதல் லீக்'. பெயரில் முதல், தரத்தில் இரண்டாவது. 2022 வரை எஃப்.என்.எல். என்ற பெயரில் நடந்தது. முதல் இரண்டு அணிகள் நேரடியாக மேலே போகும். மூன்றாவது, நான்காவது அணிகள் மேல் டிவிஷனில் 13, 14-வது இடம் பிடித்த அணிகளோடு பிளே-ஆஃப் ஆட வேண்டும். மேலிருந்து கடைசி இரண்டு அணிகள் நேராகக் கீழே வரும்.

பேப்பரில் எளிமையான கணக்கு. ஆடுவதுதான் கஷ்டம். இந்த சீசனில் சாம்பியன் ஆன பால்டிகாவின் ஊர் கலினின்கிராட். போலந்துக்கும் லிதுவேனியாவுக்கும் நடுவே, ரஷ்யாவின் மற்ற நிலத்தோடு ஒட்டாமல் தனியாகக் கிடக்கும் துண்டு அது. அதே லீக்கில் ஆடும் எஸ்.கே.ஏ. அணியின் ஊர் ஹபரோவ்ஸ்க், சீன எல்லைக்குப் பக்கத்தில். இரண்டு ஊர்களுக்கும் கடிகாரத்தில் 8 மணி நேர வித்தியாசம். ஒரே நாட்டு லீக்கில் ஒரு வெளியூர் மேட்ச்! அதிலும் 2022-க்குப் பிறகு ஐரோப்பிய வான்வெளி ரஷ்ய விமானங்களுக்கு மூடப்பட்டதால், கலினின்கிராடிலிருந்து கிளம்பும் விமானம் பால்டிக் கடல் மேலாகச் சுற்றித்தான் சொந்த நாட்டுக்குள்ளேயே நுழைய முடியும். தெற்கில் நோவோரோசிஸ்க் அணிக்கு இன்னொரு தலைவலி. பக்கத்து விமான நிலையங்கள் போர் தொடங்கியதிலிருந்து மூடிக் கிடந்தன.

இப்படிப்பட்ட லீக்கில் ஒரு அணி மேலே வருவது சாதாரண விஷயமில்லை. அதனால்தான் அடுத்து நடந்தது பலருக்கு வலித்தது.

மூன்றாவது இடத்துக்கு என்ன ஆச்சு?

பால்டிகா முதலிடம். டார்பிடோ இரண்டாமிடம். மூன்றாவதாக வந்தது நோவோரோசிஸ்கின் செர்னோமோரெட்ஸ். ஆனால் பிளே-ஆஃபில் அந்த அணி ஆடவே இல்லை. மேல் டிவிஷனுக்கான லைசென்ஸ் அதனிடம் இல்லை. எனவே ஒவ்வொரு படி நகர்ந்து, நான்காவது இடத்தில் இருந்த சோச்சியும் ஐந்தாவது இடத்தில் இருந்த உராலும் பிளே-ஆஃபுக்குப் போயின.

இந்த லைசென்ஸ்தான் கதையின் உண்மையான வில்லன். அல்லது ஹீரோ, நீங்கள் எந்த ஊர் ரசிகர் என்பதைப் பொறுத்தது. மேல் டிவிஷனில் ஆட, குறைந்தது 10,000 இருக்கைகள் உள்ள ஸ்டேடியம் வேண்டும், கடன் பாக்கிகள் தீர்ந்திருக்க வேண்டும், பணம் எங்கிருந்து வரும் என்று காட்ட வேண்டும். இரண்டாம் டிவிஷன் ஊர்கள் பலவற்றில் அந்த அளவு ஸ்டேடியமே கிடையாது.

பிளே-ஆஃபில் உரால், செச்னியாவின் அக்மத் அணியிடம் தோற்றது. சோச்சி, பாரி நிஷ்னி நோவ்கோரத் அணியை வீழ்த்தி மேலே ஏறியது. அந்த 'பாரி' ஒரு பந்தய நிறுவனத்தின் பெயர். ஸ்பான்சர்ஷிப்புக்காக கிளப் தன் பெயரையே மாற்றிக்கொண்டது. மேட்ச் ஃபிக்ஸிங் பேச்சு அடிபடும் ஒரு கதையில் இது சும்மா ஒரு தகவல்தான்.

தோற்ற நிஷ்னி இறங்கியதா என்றால், இல்லை. பிரீமியர் லீக்கில் 12-வது இடம் பிடித்து மைதானத்தில் தப்பித்திருந்த கிம்கி, கடன் சிக்கலால் லைசென்ஸ் கிடைக்காமல் ஜூனில் கிளப்பையே மூடிவிட்டது. காலியான அந்த இடம் நிஷ்னிக்குப் போனது.

டார்பிடோ மேல் என்ன குற்றச்சாட்டு?

டார்பிடோ சாதாரண கிளப் இல்லை. மாஸ்கோவின் ஜில் கார் ஆலைத் தொழிலாளர்களின் அணியாக வளர்ந்தது. சோவியத் லீக்கை மூன்று முறை வென்றிருக்கிறது. அதில் 1965 பட்டம் எதுவார்த் ஸ்ட்ரெல்ட்சோவ் ஆடி வாங்கிக் கொடுத்தது. ரஷ்யர்கள் தங்கள் மிகப் பெரிய வீரர்களில் ஒருவராகச் சொல்லும் பெயர் அது. அப்படிப்பட்ட அணி 2022-ல் மேலே போய், ஒரே சீசனில் திரும்பி இறங்கியது. இப்போது மறுபடி வாசல் வரை வந்திருந்தது.

சீசன் முடிந்த சில வாரங்களில், ஜூனில், கிளப்பின் ஓனரும் பொது இயக்குநரும் கைது செய்யப்பட்டார்கள். போட்டி முடிவுகளில் முறைகேடாகத் தலையிட முயன்றதாகக் குற்றச்சாட்டு. புதிய சீசன் தொடங்கச் சில வாரங்களே இருந்த நிலையில், ரஷ்யக் கால்பந்து யூனியன் டார்பிடோவின் புரமோஷனை ரத்து செய்தது. நீதிமன்றத் தீர்ப்பு வரும்வரை காத்திருக்கவில்லை. காத்திருந்தால் லீக் அட்டவணை நின்றுபோயிருக்கும் என்பதும் உண்மை.

தண்டனையில் நியாயம் இருக்கலாம். ஃபிக்ஸிங்கை மன்னித்தால் லீக்கே போய்விடும். கேள்வி அடுத்த படியில்தான் வருகிறது. காலியான இடம் யாருக்கு? இரண்டாம் டிவிஷனில் அடுத்து நின்ற அணிக்கா, முதல் டிவிஷனில் இறங்கவிருந்த அணிக்கா? யூனியன் ஒரென்பர்க்கைத் தேர்ந்தெடுத்தது. மேலே நேரடியாக இறங்க வேண்டிய இரண்டு அணிகளில் பட்டியலில் சற்று முன்னால் நின்றது அதுதான். லைசென்ஸ் கையில் இருக்கிறது, ஸ்டேடியம் இருக்கிறது, பேப்பர் வேலை குறைவு. நிர்வாகத்துக்கு இது வசதி. ஆனால் ஒரு அணி தவறு செய்ததற்கு, அது ஆடிய டிவிஷன் முழுவதும் ஓர் இடத்தை இழந்ததே என்று கேட்டால், அதற்கு நல்ல பதில் இல்லை என்றே தோன்றுகிறது.

ஒரென்பர்க்குக்கு இது அதிர்ஷ்டமா?

இங்கேதான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 2020-21 சீசன். அப்போது இரண்டாம் டிவிஷனில் இரண்டாவது இடம் பிடித்தது இதே ஒரென்பர்க். மேலே போக முடிந்ததா? இல்லை. அவர்கள் ஸ்டேடியம் சின்னது, லைசென்ஸ் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அந்த இடம் மூன்றாவதாக வந்த அணிக்குப் போனது. அந்த அணி? நிஷ்னி நோவ்கோரத். ஒரென்பர்க் மறு வருஷமும் முயன்று பிளே-ஆஃப் வழியாக மேலே வந்தது.

ஆக, 2021-ல் ஒரு அணி இழந்து இன்னொரு அணி பெற்றது. 2025-ல் தோற்ற பிறகும் இரண்டுமே தப்பித்தன. இன்றைக்கு உங்களைத் தடுத்த அதே ரூல் புக் நாளைக்கு உங்களைக் காப்பாற்றும்.

கிம்கியின் கதையும் இதே போலத்தான். 2020-ல் கொரோனாவால் லீக் பாதியில் நிறுத்தப்பட்டபோது, பட்டியலில் அப்போது முதல் இரண்டு இடங்களில் இருந்த ரோட்டோர் வோல்கோகிராடும் கிம்கியும் அப்படியே மேலே அனுப்பப்பட்டன. பிளே-ஆஃப் கிடையாது. ஐந்து வருஷத்தில் கிம்கி என்ற கிளப்பே கிடையாது.

ஏன் அங்கே கிளப்கள் இவ்வளவு சீக்கிரம் காணாமல் போகின்றன?

பணம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் காரணம். டிக்கெட், டிவி உரிமை ஆகியவற்றின் வருமானம் குறைவு. பெரும்பாலான கிளப்கள் மாகாண அரசின் பட்ஜெட்டிலோ அரசு நிறுவனத்தின் ஆதரவிலோ ஒரு பணக்காரரின் விருப்பத்திலோ ஓடுகின்றன. அந்த ஒருவர் கையை எடுத்தால் அவ்வளவுதான்.

அன்ஷி மகச்கலா இதன் பெரிய உதாரணம். 2011-ல் கோடீஸ்வரர் சுலைமான் கெரிமோவ் வாங்கினார். சாமுவேல் எட்டோ வந்தார், ராபர்டோ கார்லோஸ் வந்தார். 2013-ல் செலவை வெட்டி நட்சத்திரங்களை விற்றார்கள். 2014-ல் இரண்டாம் டிவிஷன். 2022-ல் கிளப் மூடல். இன்னும் விநோதம் தோஸ்னோ. 2018 மே மாதம் ரஷ்யக் கோப்பையை வென்றது, அதே மாதம் லீக்கில் இறங்கியது, ஜூனில் கலைந்தே போனது.

சோச்சியின் பிறப்பும் இப்படித்தான். 2018-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் டைனமோ கிளப்பை அப்படியே இடம் மாற்றி, உலகக் கோப்பைக்குத் தயாரான ஃபிஷ்ட் ஸ்டேடியத்துக்குக் கொண்டுபோனார்கள். காலியான ஸ்டேடியம் இருந்தது, அதற்கு ஓர் அணி தேவைப்பட்டது.

இதைப் படித்து ரஷ்யாவைப் பார்த்துச் சிரிக்க நமக்கு உரிமை கொஞ்சம் குறைவு. அதே 2025-ல் நம் ஐ-லீக்கில் சர்ச்சில் பிரதர்ஸ் சாம்பியன் என்று அறிவிக்கப்பட்டது. ஜூலையில் சுவிட்சர்லாந்தில் உள்ள விளையாட்டு நடுவர் மன்றம், பட்டம் இன்டர் காசிக்கு என்று தீர்ப்பளித்தது.

கடைசிக் கணக்கு இது. 2024-25 முடிவில் ரஷ்யாவின் இரண்டாம் டிவிஷனிலிருந்து மேலே போனவை பால்டிகாவும் சோச்சியும். மேலிருந்து உண்மையில் கீழே இறங்கியது வரோனேஷின் ஃபாகெல் மட்டும். கிம்கி கலைந்தது. டார்பிடோ 2025-26-ஐ மறுபடி முதல் லீக்கிலேயே தொடங்கியது, ஹபரோவ்ஸ்க் பயணம் உட்பட.