குமிழைத் திருப்பிப் பாருங்கள்

தீர்த்தமலைக்குப் படியேறியவர்களுக்குத் தெரியும்: பாறையிலிருந்து விழும் இராமர் தீர்த்தத்தின் ஓசை கூட்டமில்லாத வேளையில்தான் தெளிவாகக் கேட்கும். கூட்டமுள்ள நாளிலும் நீர் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. பேச்சொலியில் அது அமுங்கிவிடுகிறது. வீட்டில் நாமே கட்டும் ஒலிபெருக்கியிலும் இப்படித்தான். பாட்டு ஓடும்வரை எல்லாம் நன்றாயிருக்கும். பாட்டு நின்றதும் ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல்.

இவ்வூர் மாணவன் ஒருவன் அப்படி முனகும் பெருக்கி ஒன்றை என்னிடம் கொண்டுவந்தான். எல்.எம். 386 என்னும் சிறு சில்லு, வால்யூம் குமிழாக ஒரு 100 கிலோ ஓம் மாறுமின்தடை, 230 வோல்ட்டைக் குறைக்க ஒரு மின்மாற்றி, எல்லாவற்றையும் மூடும் ஒரு தகரப் பெட்டி. கணினியிலிருந்து பாட்டை எடுத்து ஆண்டு விழாவில் ஒலிக்கச் செய்ய வேண்டும் என்பது அவன் ஆசை. சில்லை இருமுறையும் ஸ்பீக்கரை ஒருமுறையும் மாற்றிவிட்டான், முனகல் மாறவில்லை. இறுதியில், “பிளக்கில் எர்த் கம்பியை வெட்டிவிடு, சத்தம் போய்விடும்” என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

சொன்னவர் முழுப் பொய் சொல்லவில்லை. சில வேளைகளில் சத்தம் குறையத்தான் செய்யும். ஆனால் மின்மாற்றியின் காப்பு என்றைக்காவது கெட்டால் அந்தத் தகரப் பெட்டியில் 230 வோல்ட் ஏறி நிற்கும். எர்த் இருந்தால் மின்னோட்டம் அவ்வழியே பாய்ந்து ஃபியூஸ் உருகும். இல்லையென்றால் பெட்டியைத் தொடுபவரே அந்த வழி ஆவார். ஆகவே இந்த வைத்தியத்தை யார் சொன்னாலும் கேளாதீர்கள்.

பிறகு முனகலை எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கான கருவி பெட்டியின் முகப்பிலேயே இருக்கிறது. பாட்டை நிறுத்திவிட்டுக் குமிழை மெல்லத் திருப்புங்கள். முழுதும் குறைத்த பின்னும் முனகல் அப்படியே இருந்தால், அது குமிழுக்குப் பின்னால், அதாவது சில்லின் பக்கமோ மின்வழங்கியின் பக்கமோ நுழைகிறது. குறைக்கும்போது குறைந்து, கூட்டும்போது கடைசி வரை கூடிக்கொண்டே போனால், குமிழுக்கு முன்னால், உள்ளீட்டுக் கம்பியிலோ கணினியிலோ கோளாறு. குறைக்கவே முடியாமல் பாட்டும் முனகலும் உரக்கவே ஒலித்தால், குமிழின் கீழ்முனையைத் தரையோடு இணைக்கும் பற்று விட்டுப்போயிருக்கும்.

மாணவனின் பெருக்கியில் நடந்தது இவற்றில் எதுவும் அன்று. குமிழ் நடுவில் நிற்கும்போதுதான் முனகல் மிகுந்தது; இரு கோடியிலும் குறைந்தது. இது ஏன் என்று சற்று நின்று பார்ப்போம்.

குமிழின் நடுமுனையிலிருந்து சில்லுக்கு ஒரு கம்பி போகிறது. அக்கம்பியைச் சுற்றி வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் மின்புலம் பரவியிருக்கிறது. அதிலிருந்து ஒரு சிறு மின்னோட்டம் கம்பியில் புகுகிறது. அது தரைக்கு வடிய எவ்வளவு மின்தடையைக் கடக்கிறதோ அவ்வளவுக்கு முனகல் மின்னழுத்தம் எழும். குமிழ் கீழே இருந்தால் கம்பி நேரே தரையில். மேலே இருந்தால் கணினியின் வெளியீட்டில். அதன் மின்தடை மிகக் குறைவு. நடுவில் இருந்தாலோ ஒருபுறம் 50 கிலோ ஓம், மறுபுறம் 50 கிலோ ஓம். இரண்டும் பக்க இணைப்பில் 25 கிலோ ஓம். முழு மின்தடையில் கால் பங்கு. இதுவே உச்சம்.

பெட்டியைத் திறந்தால், நடுமுனைக் கம்பி கவசமின்றி ஒரு சாண் நீளத்துக்கு மின்மாற்றியை ஒட்டியே கிடந்தது. அதற்குப் பதில் கவசக் கம்பி போட்டுக் கவசத்தை ஒரு முனையில் மட்டும் தரையோடு சேர்த்தோம். 100 கிலோ ஓமுக்குப் பதில் 10 கிலோ ஓம் குமிழ் வைத்தோம்; கால் பங்கு 2.5 கிலோ ஓம்தானே! குமிழின் உலோக உடலையும் தரையோடு இணைத்தோம். அதன் தண்டைத் தொட்டதும் முனகல் மாறினால், உடல் தரையோடு சேரவில்லை என்று பொருள். (இந்தச் சோதனை மின்மாற்றியோ பேட்டரியோ உள்ள சுற்றுக்கு மட்டுமே, அதுவும் எர்த் சரியாக இருந்தால்தான்.)

முனகல் பெரும்பாலும் ஒழிந்தது; சற்று மேல் சுருதியில் மெல்லிய ஒன்று எஞ்சியது. இரண்டு டையோடோ அதற்கு மேலோ வைத்து முழு அலையைத் திருத்தும் மின்வழங்கியில் 50 ஹெர்ட்ஸ் இரட்டித்து 100 ஹெர்ட்ஸ் ஆகும். இசை பயின்றவர் காதுக்கு இது எளிது. கீழ் ஸ்தாயி ஸட்ஜமும் அடுத்த ஸ்தாயி ஸட்ஜமும் போல. 9 வோல்ட் பேட்டரியில் ஓட்டிப் பார்த்தோம், அது மறைந்தது. ஆக மின்வழங்கிதான். வடிகட்டும் மின்தேக்கி போதுமானதாகவே இருந்தது. ஆனால் அதன் தரைக்கம்பியிலேயே குமிழின் தரையையும் தொற்றவைத்திருந்தான். அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள செம்புக்கம்பி 20 செ.மீ. நீளத்துக்குச் சுமார் 0.018 ஓம், மின்தேக்கி நிரம்பும் அரை ஆம்பியர் துடிப்பு அதில் பாய்ந்தால் 9 மில்லிவோல்ட். சில்லு அதைப் பல மடங்காக்கிக் கொடுக்கும். தரைக்கம்பிகளைத் தனித்தனியே கொண்டுவந்து ஒரே புள்ளியில் சேர்த்ததும் அடங்கியது.

கணினியை இணைத்ததும் மீண்டும் லேசாக முனகியது. கணினிக்கும் எர்த், பெட்டிக்கும் எர்த், இடையே பாட்டுக் கம்பியின் தரை: ஒரு வளையம். இரண்டையும் ஒரே பலகையில் செருகியதில் குறைந்தது. அப்படியும் குறையாவிட்டால் பாட்டுக் கம்பியின் நடுவே ஒன்றுக்கு ஒன்று விகிதமுள்ள சிறு ஒலி மின்மாற்றியைச் சேர்க்கலாம். வளையம் அறும்; எர்த் பத்திரமாயிருக்கும்.

“‘ஸ்ஸ்’ என்று ஒரு சீறல் இருக்கிறதே, அதையும் எடுத்துவிடலாமா?” என்றான். அது வேறு இனம். மின்தடைக்குள் எலெக்ட்ரான்கள் வெப்பத்தால் ஓயாது அலைவதால் பிறப்பது. பெல் ஆய்வுக்கூடத்தில் ஜான்சன் இதை அளந்தார், நைக்விஸ்ட் விளக்கினார். இருவரின் கட்டுரைகளும் 1928-இல் வெளிவந்தன. (இருவருமே ஸ்வீடனில் பிறந்தவர்கள்.) அறை வெப்பத்தில், 20 கிலோ ஹெர்ட்ஸ் அகலத்தில், 25 கிலோ ஓம் தரும் சீறல் சுமார் 3 மைக்ரோவோல்ட்; 2.5 கிலோ ஓமுக்கு ஒன்றுக்கும் குறைவு. முற்றிலும் போகாது. ஆனால் இங்கே சில்லின் சொந்தச் சீறலே அதைவிடப் பெரிது. அதன் 1, 8 கால்களுக்கிடையே 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கி வைத்துப் பெருக்கத்தை 200 ஆக்கியிருந்தான். கணினிக்கு 20 போதும். கழற்றியதும் சீறல் காதுக்கு எட்டவில்லை.

சில மாதங்களில் குமிழைத் திருப்பும்போது மட்டும் கரகரவென்று கேட்கலாம். கார்பன் பட்டையில் படிந்த தூசிதான் முதற் காரணம், துடைத்தால் சரியாகும். துடைத்தும் திரும்பத் திரும்ப வந்தால் குமிழின் வழியே நேர்மின்னோட்டம் கசிகிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். குமிழுக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு மின்தேக்கி வைத்தால் அது தடைபடும். 10 கிலோ ஓம் குமிழுக்கு முன்னால் 1 மைக்ரோஃபாரட் வைத்தாலே சுமார் 16 ஹெர்ட்ஸ் வரை பாட்டு குறையாமல் போகும்.