ஊசி உள்ளே இல்லை

மருந்து ஏறத் தொடங்கி ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. என் அக்கா மகள், நாலு வயது, இடது கையைக் குச்சி மாதிரி நீட்டிக்கொண்டு படுத்திருந்தாள். மூக்கு அரித்தபோது முகத்தைத் தலையணையில் தேய்த்துக்கொண்டாளே தவிர, எந்தக் கையையும் அசைக்கவில்லை. சமர்த்து என்று எல்லோரும் மெச்சினார்கள். பக்கத்துக் கட்டில்காரர் அவளைக் காட்டித் தன் பையனுக்குப் புத்தி சொன்னார். "கையை மடக்கலாம் பாப்பா" என்று நான் மூன்றாவது முறை சொன்னபோதுதான் சன்னமாகக் கேட்டாள்: "குத்தாதா சித்தி? ஊசி உள்ளயேதானே இருக்கு?"

ஊசி உள்ளே இல்லை. அதை அவளிடம் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

வார்டில் 'வென்ஃப்ளான்' என்று எல்லோரும் சொல்வது உண்மையில் ஒரு வணிகப் பெயர். நகல் எடுப்பதற்கு ஜெராக்ஸ் என்று பெயர் நின்றுபோனதைப் போல இதுவும் நின்றுவிட்டது. எஃகு ஊசி ஒன்று, அதன் மேல் உறை போட்டதுபோல் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஒன்று. இரண்டும் சேர்ந்தே ரத்தக்குழாய்க்குள் போகும். பின்பக்கக் குப்பியில் ரத்தம் தெரிந்ததும் சிஸ்டர் பிளாஸ்டிக் குழாயை மட்டும் முன்னால் தள்ளி, ஊசியை உருவி எறிந்துவிடுவார். மிச்சம் இருப்பது, சின்னப் பிள்ளைகளுக்குப் போடும் மஞ்சள் மூடிக்காரன் என்றால், முக்கால் மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத, இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு துளி கம்மியான, வளையக்கூடிய குழாய். அமெரிக்காவின் ராச்செஸ்டரில் உள்ள மாயோ கிளினிக்கில் மயக்க மருந்தியல் பயின்றுகொண்டிருந்த டேவிட் மாசா என்ற இளம் மருத்துவர் 1950-இல் இப்படியொன்றைச் செய்தார். அதற்கு முன்பு எஃகு ஊசியேதான் உள்ளே கிடக்கும்; குழந்தையின் கையைப் பலகையோடு சேர்த்துக் கட்டிவைப்பார்கள். அவள் பயம் 1945-இல் மிக நியாயமான பயம்.

சிஸ்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். புதிதாக ஒன்றைப் பிரித்து, ஊசியை உருவித் தனியே போட்டுவிட்டு, வெறும் குழாயை அவள் உள்ளங்கையில் வைத்தார். அவள் அதைக் கன்னத்தில் அழுத்திப் பார்த்தாள். உதட்டில் வைத்துப் பார்த்தாள். பிறகு கையை மடக்கினாள்.

அவளுக்கு வந்திருந்தது கவாசாகி நோய். ஐந்து நாளுக்கு மேல் இறங்காத காய்ச்சல், பீளை இல்லாமல் சிவந்த கண்கள், வெடித்துச் சிவந்த உதடு, ஸ்ட்ராபெரி போன்ற நாக்கு, உடம்பெல்லாம் தடிப்பு. டோக்கியோவின் செஞ்சிலுவை மருத்துவமனையில் டொமிசாகு கவாசாகி 1961-இல் முதன்முதலாக இதைக் கவனித்ததும் நாலு வயதுப் பையன் ஒருவனிடம்தான். ஆறு வருடம் பொறுத்திருந்து, 50 குழந்தைகளின் விவரத்தை 1967-இல் வெளியிட்டார். எதனால் வருகிறது என்பது இன்றுவரை பிடிபடவில்லை. உடம்பின் எதிர்ப்பு மண்டலம் தன் ரத்தக்குழாய்களையே சூடாக்கிப் புண்ணாக்குகிறது. குறிப்பாக இதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் கரோனரி தமனிகளை. சிகிச்சை இல்லாமல் விட்டால் நூற்றில் 25 குழந்தைகளுக்கு வரை அந்தத் தமனிகள் பலூன்போல வீங்கும். காய்ச்சல் தொடங்கிய பத்து நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் ஏற்றினால் அது 5 பேர் அளவுக்குக் குறைகிறது. இதை 1984-இல் ஜப்பானில் கென்ஷி ஃபுருஷோவின் குழு காட்டியது.

இம்யூனோகுளோபுலின் என்பது ஆயிரக்கணக்கானோர் கொடுத்த பிளாஸ்மாவை ஒன்றாகச் சேர்த்துப் பிரித்தெடுத்த எதிர்ப்புப் புரதம். கிலோவுக்கு 2 கிராம் என்பது கணக்கு. அவள் 15 கிலோ; ஆக 30 கிராம். ஒரு பாட்டிலில் 100 மில்லி, அதில் 5 கிராம். ஆறு பாட்டில், 600 மில்லி. இந்த எண்ணைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 15 கிலோ பிள்ளையின் உடம்பில் ஓடும் மொத்த ரத்தமே ஒரு லிட்டருக்குச் சற்று மேல்தான். அதில் பாதி அளவுக்குப் புதிய திரவத்தை உள்ளே விடுகிறோம், அதுவும் ஏற்கெனவே புண்பட்டிருக்கக்கூடிய இதயம் தள்ள வேண்டிய திரவத்தை. அதனால்தான் பத்து, பன்னிரண்டு மணி நேரம். முதலில் மிக மெல்ல விட்டு, காய்ச்சல், நாடி, ரத்த அழுத்தம் மூன்றையும் பார்த்துப் பார்த்துத்தான் வேகம் கூட்டுவார்கள்.

பிள்ளைகளுக்கு மாட்டும் டிரிப் செட்டில் 60 சொட்டு சேர்ந்தால் ஒரு மில்லி. இதில் ஓர் அழகு இருக்கிறது: நிமிடத்துக்கு எத்தனை சொட்டோ, மணிக்கு அத்தனை மில்லி. 50 சொட்டு விழுந்தால் 50 மில்லி. கால்குலேட்டர் இல்லாத இரவில் ஒரு சிஸ்டர் கைக்கடிகாரத்தை மட்டும் பார்த்து வேகத்தைச் சரிசெய்ய முடிவது இதனால்தான். அந்தக் கணக்கில் அன்று அவளுக்குள் போனவை 36,000 சொட்டுகள்.

பன்னிரண்டு மணி நேரம் என்றால் நாலு வயதுக்கு ஒன்றும் புரியாது. நாளைக்கு என்பதும் அடுத்த வாரம் என்பதும் அந்த வயதில் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஆறு பாட்டில் புரியும். ஒரு தாளில் ஆறு பாட்டில் வரைந்து கொடுத்தோம். ஒன்று முடிந்ததும் ஒன்றுக்கு வண்ணம் அடிப்பாள். இரண்டாவது பாட்டிலில் இட்லி, மூன்றாவதில் தூக்கம், நான்காவதில் தாத்தா வருவார். மாமா மட்டும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்கும் ஒரு தாள் கொடுத்திருக்கலாம்.

இதையெல்லாம் நாங்கள் முன்கூட்டியே செய்யவில்லை என்பதுதான் என் குறை. முதல் நாள் ஊசி குத்தும்போது அக்காவை வெளியே போகச் சொன்னார்கள். பாப்பாவை மல்லாக்கப் படுக்கவைத்து நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். இரண்டு முறை தவறியது. "நரம்பே கிடைக்க மாட்டேங்குது" என்று ஒருவர் சொன்னது வராந்தாவில் நின்ற எங்களுக்கே கேட்டது.

நம் ஊரில் ரத்தக்குழாயை நரம்பு என்றுதான் சொல்கிறோம். பாடப்புத்தகத்தின் சிரை வார்டுக்குள் வருவதே இல்லை. பெரியவர்களுக்கு அதில் குழப்பமில்லை. ஆனால் அன்றிரவு அவள் கேட்டது, "எனக்கு மட்டும் நரம்பு இல்லையாம்மா?" சோதனைக்கு மூன்று குப்பி ரத்தம் எடுத்ததையும் பார்த்திருந்தாள். மொத்தமும் காலியாகிவிடுமோ என்ற சந்தேகம் அடுத்து வந்தது. எடுத்தது ஒரு டீஸ்பூன் அளவு. ஒரு டீஸ்பூனைக் காட்டியதும் அந்தச் சந்தேகம் தீர்ந்தது.

தீராதது இன்னொன்று. "நான் நேத்து சாப்பிடலைன்னுதானே ஊசி?" என்றாள்.

இரண்டிலிருந்து ஏழு வயதுவரை பிள்ளைகள் காரணகாரியத்தைக் கட்டுவதே வேறு விதம் என்று உளவியலாளர் ஜான் பியாஜே விரிவாக எழுதினார். அடுத்தடுத்து நடந்த இரண்டு விஷயங்களில் ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடும். தம்பியை அடித்தேன், காய்ச்சல் வந்தது. ஆகவே அடித்ததால் வந்தது. நோயைத் தண்டனையாக நினைப்பது இந்த வயதுப் பிள்ளைகளிடம் உலகெங்கும் பார்க்கப்பட்டிருக்கிறது. நம் வீடுகளில் அதற்கு நாமே சாட்சியமும் தயாரித்துக் கொடுக்கிறோம். "சாப்பிடலைன்னா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போட்டுவிட்ருவேன்" என்று அவள் அப்பத்தா சொல்லாத நாள் கிடையாது. இரண்டு வருடமாகச் சொன்ன மிரட்டல் ஒருநாள் உண்மையாகவே நடக்கிறது, அதுவும் ஆறு பாட்டில் நீளத்துக்கு. அவள் வேறு என்ன நினைப்பாள்?

வலியைப் பற்றி மருத்துவமே வெகுகாலம் தப்பாகத்தான் நினைத்திருந்தது. பச்சைக் குழந்தைக்கு வலி தெரியாது என்ற நம்பிக்கையில், 1980-களிலும் பல இடங்களில் போதிய வலிநிவாரணி இல்லாமலே சிசுக்களுக்கு அறுவை செய்தார்கள். இந்தூரில் மருத்துவம் படித்து ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போன கே.ஜே.எஸ். ஆனந்த், குறைமாதக் குழந்தைகளில் ஒரு பிரிவுக்கு அறுவையின்போது ஃபென்டனில் என்ற வலிநிவாரணியைக் கொடுத்துப் பார்த்தார். கொடுக்கப்பட்ட குழந்தைகளுக்கு அழுத்த ஹார்மோன்கள் குறைவாகவே ஏறின. பிந்தைய சிக்கல்களும் குறைந்தன. அது 1987. பத்து வருடம் கழித்து டொரான்டோவில் ஆனா டாடியோ என்ற ஆய்வாளர் இன்னும் ஒரு படி போனார். பிறந்ததும் சுன்னத்து செய்யப்பட்ட ஆண் குழந்தைகள், செய்யப்படாதவர்களைவிட, நாலாம் ஆறாம் மாதத் தடுப்பூசிக்கு அதிகமாகத் துடித்தார்கள். மரத்துப்போகும் களிம்பு தடவிச் செய்யப்பட்டவர்களிடம் அந்தத் துடிப்பு குறைவு. பேச்சு வராத பிள்ளையின் உடம்பும் முதல் வலியைக் கணக்கில் வைத்துக்கொள்கிறது.

அந்தக் களிம்பு இங்கேயும் கிடைக்கிறது. லிடோகெய்ன், பிரிலோகெய்ன் இரண்டும் கலந்தது. தடவி, மேலே ஒட்டுப்படலம் போட்டு, ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அவசரமென்றால் முடியாது, அளவும் வயதும் பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் நாளை காலை மருந்து ஏற்றுவதாக இன்றே முடிவாகிவிட்ட பிள்ளைக்கு அந்த ஒரு மணி நேரம் இல்லாமலா போகும்? கேட்டால் செய்வார்கள். நாங்கள் கேட்கவில்லை, அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

பிடித்துக்கொள்வதிலும் வித்தியாசம் உண்டு. மல்லாக்கப் படுக்கவைத்தால் பிள்ளைக்குப் பிடி எல்லாம் விட்டுப்போன மாதிரி இருக்கும். அம்மாவின் மடியில், நெஞ்சோடு நெஞ்சாக உட்காரவைத்து, ஒரு கையை மட்டும் அக்குளுக்கு அடியில் வெளியே நீட்டினால் சிஸ்டருக்கும் கை கிடைக்கும், அணைப்பும் விடாது. அதற்கு அம்மா உள்ளே இருக்க வேண்டும். பிரிட்டனில் ஜேம்ஸ் ராபர்ட்சன், எட்டு நாள் மருத்துவமனையில் தனியாக இருந்த இரண்டு வயதுச் சிறுமியைப் படம்பிடித்து 1952-இல் காட்டிய பிறகு, 1959-இல் பிளாட் குழுவின் அறிக்கை வந்த பிறகுதான் பெற்றோர் வார்டில் தாராளமாக வந்துபோகலாம் என்ற நிலை மெல்ல வந்தது. நம் அரசு மருத்துவமனைகளில் கட்டிலுக்கு அடியில் பாய் விரித்து அம்மா படுத்திருப்பதற்கு எந்தக் குழுவும் தேவைப்படவில்லை. இருபத்து நாலு மணி நேரமும் கூடவே இருக்கும் அந்த அம்மாவை, ஊசி குத்தும் ஐந்து நிமிடத்துக்கு மட்டும் வெளியே அனுப்புகிறோம். இந்த வழக்கம் எனக்குப் புரியவே இல்லை.

மறுநாள் காலை பாப்பாவின் வென்ஃப்ளானைக் கழற்றி இன்னொரு கையில் மாற்ற வேண்டி வந்தது. இந்தத் தடவை அக்கா மடியில் உட்கார்ந்தாள். முந்தின நாள் ராத்திரியே பொம்மைக்குக் குழாய் ஒட்டி, அட்டைப்பெட்டியை வெட்டித் தாங்குகட்டை கட்டி, அதில் கண்ணும் மூக்கும் வரைந்திருந்தாள். 'வலிக்காது' என்று யாரும் சொல்லவில்லை. சுருக்கென்று இருக்கும், அஞ்சு எண்ணுறதுக்குள்ள ஊசி வெளியே வந்துடும், அழலாம், கையை மட்டும் ஆட்டக்கூடாது என்றார் அக்கா. அழுதாள், எண்ணவும் செய்தாள். நாலில் ஊசி வெளியே வந்துவிட்டது. ஏமாற்றிவிட்டதாகச் சிஸ்டரோடு சண்டை.

டிஸ்சார்ஜ் சீட்டில் ஆஸ்பிரின், எக்கோ தேதிகள் இவற்றோடு இன்னொரு வரியும் இருந்தது. நாலு வயதில் போட வேண்டிய தட்டம்மை, புட்டாளம்மைக்கான தடுப்பூசியை 11 மாதம் தள்ளிப் போடவும். யார் யாரோ கொடுத்த எதிர்ப்புப் புரதம் உடம்பில் இருக்கும்வரை, அது தடுப்பூசியின் கிருமியை வேலை செய்யவிடாமல் அணைத்துவிடும். 11 மாதம் கழித்து அவள் அந்த ஊசிக்குப் போகும்போது அது தண்டனை என்று நினைக்கக் கூடாது. ஆகவே வீட்டில் ஊசி மிரட்டலுக்கு அக்கா தடை போட்டுவிட்டார். அப்பத்தா இப்போது போலீஸ்காரரைக் கூப்பிடுகிறார்.