தாம்பரத்துத் தண்ணியும் அம்மாவின் காப்பியும்

எங்கள் வீட்டு எவர்சில்வர் ஃபில்டருக்கு என்னைவிட வயது அதிகம். அம்மா கல்யாணமாகி மேற்குத் தாம்பரத்துக்கு வந்தபோது கூடவே வந்தது. அடியில் ஓட்டை அடைத்துக்கொண்டால் மேல் பாத்திரத்தை அடுப்புத் தீயில் காட்டுவாள். ஒட்டியிருக்கும் தூள் பொறிந்து கருகும். ஒரு தட்டுத் தட்டினால் உதிரும். பிறகு ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, எல்லா ஓட்டையிலும் வெளிச்சம் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தூள் போடுவாள். இன்றும் அதே ஃபில்டர்தான், அதே வைத்தியம்தான்.

1980களில் அப்பாவுக்கு பீச் ஸ்டேஷன் பக்கம் ஆபீஸ். தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் போவார். அந்த வண்டியைப் பிடிக்க வேண்டுமென்றால் விடிவதற்குள் டிகாக்ஷன் இறங்கியிருக்க வேண்டும். இறங்காத நாளில் வீட்டில் யாரும் யாரோடும் பேச மாட்டோம்.

அந்தக் காலத்துக் காப்பி ஒரே மாதிரி இருந்தது என்று எல்லோரும் பெருமூச்சு விடுகிறார்கள். காப்பி வேண்டுமானால் ஒரே மாதிரி இருந்திருக்கலாம். அதில் போன சாமான் எதுவும் அப்படி இல்லை. மாட்டை வாசலுக்கே ஓட்டி வந்து கறந்து கொடுப்பார்கள். கன்று ஈன்ற புதிதில் ஒரு பால், மழைக்காலத்தில் பச்சைப்புல் மேய்ந்தால் ஒரு பால். பச்சைக் கொட்டை வாங்கி ஞாயிற்றுக்கிழமை வாணலியில் வறுப்பாள். புகை தெரு முழுக்கப் போகும். மேஜை ஓரத்தில் திருகி வைத்த கைமெஷினில் அரைப்பது என் வேலை. சனிக்கிழமை வருவதற்குள் வாசனை பாதி போயிருக்கும். அன்றைக்கு அம்மா கை தானாக அரைக் கரண்டி கூடப் போடும். பால் தண்ணியாகத் தெரிந்தால் டிகாக்ஷன் கொஞ்சம் தாராளமாக விழும். எதையும் அளந்ததில்லை. டம்ளரில் நிறத்தைப் பார்ப்பாள், அவ்வளவுதான்.

மாறாமல் இருந்தது ஒன்றே ஒன்று: கொல்லைக் கிணறு. மழை பெய்தால் குனிந்து மொண்டுவிடலாம். சேலையூர், செம்பாக்கம், பீர்க்கன்காரணை என்று சுற்றிலும் ஏரிகள் இருந்த ஊர். தண்ணீரைப் பற்றிக் காப்பிக்காரர்கள் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

கிணறு வற்றி, போர் போட்டு, அதையும் ஒரு கோடையில் இன்னும் ஆழமாக இறக்கினோம். காப்பி கெட்டுப்போனது அதற்கப்புறம்தான். ஆனால் நாங்கள் சந்தேகப்பட்டது தண்ணீரை அல்ல. முதலில் தூள். வீட்டில் வறுப்பது அதற்குள் நின்றிருந்தது; கொட்டை வறுத்து அரைத்துத் தரும் கடைகளை ஒவ்வொன்றாக மாற்றினோம். பீபரி, பிளாண்டேஷன், பாதிக்குப் பாதி. ஒரு கடைக்காரர் கேட்காமலேயே சிக்கரியைக் கூட்டிவிட்டார் என்று அம்மாவுக்கு இன்றும் கோபம். சட்டப்படி காப்பித்தூளில் 49 சதவீதம் வரை சிக்கரி சேர்க்கலாம், பாக்கெட்டில் அச்சடித்தால் போதும். அம்மா 20க்கு மேல் போனால் கஷாயம் என்பாள். நானும் அவள் கட்சி. நிறமும் கனமும் கொடுக்கும் சாமான்தான், ஆனால் தண்ணீரைப் பிடித்துவைத்து இறங்கவும் விடாது. 2024இல் பிரேசிலும் வியட்நாமும் வறட்சியில் காய்ந்து கொட்டை விலை ஏறியதிலிருந்து, தெருவில் பலர் சத்தமில்லாமல் 40க்குப் போய்விட்டார்கள்.

அடுத்து பால் மேல் பழி. ஆவினில் நீலத்துக்கு 3 சதவீதக் கொழுப்பு, பச்சைக்கு 4.5, ஆரஞ்சுக்கு 6. ஆரஞ்சில் போட்டால் காப்பி மறைந்து பால்தான் தெரிகிறது. நீலத்தில் போட்டால் காப்பி தனியாக நிற்கிறது. பச்சைக்கே வந்து சேர்ந்தோம். காப்பி மட்டும் தேறவில்லை.

மகள் பேனா அளவில், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பைக் காட்டும் ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்கி வந்தாள். ஆன்லைனில் வறுத்த தேதி போட்டு சிக்மகளூர் கொட்டை வரவழைத்து, கிராம் தராசில் நிறுத்து, மோகா பாட் வைத்துக் காப்பி போடுகிறவள். போர் தண்ணீரில் முக்கினால் 1300. கேன் தண்ணீரில் 40. "அப்பா, ரெண்டுமே காப்பிக்கு ஆகாதுப்பா. 150 பக்கம் இருக்கணும்னு காப்பிக்காரங்க சொல்றாங்க" என்றாள்.

போர் தண்ணீரில் இருக்கும் பைகார்பனேட் காப்பியின் இயல்பான புளிப்பைத் தின்றுவிடுகிறது. மிஞ்சுவது சப்பென்ற கசப்பு. கேன் தண்ணீரிலோ கால்சியமும் மெக்னீசியமும் கிட்டத்தட்ட கிடையாது. தூளிலிருக்கும் ருசியை இழுக்க அவையும் கொஞ்சம் வேண்டும். எனவே கலந்தோம்: கேன் ஒன்பது டம்ளர், போர் ஒரு டம்ளர். மீட்டர் 165 காட்டியது. 40 கிராம் தூள், கொதித்து அடங்கிய வெந்நீர் 200 மில்லி. இறங்கியது 120 சொச்சம், மீதியைத் தூளே குடித்துவிடும். அன்றைய டம்ளரை அம்மா ஒன்றும் சொல்லாமல் குடித்து முடித்தாள். எங்கள் வீட்டில் அதுதான் சான்றிதழ்.

அவளுக்கு இப்போது 82 வயது. மீட்டர் விவகாரத்தை நாங்கள் அவளிடம் சொல்லவில்லை. தண்ணீரை அளந்து காப்பி போடுகிறோம் என்று தெரிந்தால் சிரிப்பாள். போன வாரம் ஒரு நாள் கேன் பையன் வரவில்லை. தூள், பால், தராசு எல்லாம் வழக்கம்போல, தண்ணீர் மட்டும் முழுக்கப் போர். வாய் திறக்காமல் டபராவில் ஆற்றி நீட்டினேன். ஒரு வாய் குடித்து, டம்ளரைத் திரும்பக் கீழே வைத்தாள்.

"ஏண்டா, கேன் வரலையா?"