பழைய படகு வாங்கப் போகிறீர்களா? தரகரின் பேச்சும் மார்க்கம் தந்த உரிமையும்

நபி (ஸல்) அவர்களின் காலத்தில் ஹப்பான் பின் முன்கித் (ரலி) என்றொரு தோழர் இருந்தார். தலையில் பட்ட காயத்தால் அவருடைய பேச்சும் சுதாரிப்பும் தளர்ந்திருந்தன. ஆனாலும் வியாபாரத்தை விட முடியவில்லை; போன இடமெல்லாம் ஏமாந்து வந்தார். அவருக்கு நபியவர்கள் ஒரு வழி சொல்லிக் கொடுத்தார்கள். பேரம் முடியும்போது, இதில் ஏமாற்று இருக்கக் கூடாது என்று வாய்திறந்து சொல்லிவிட வேண்டும். இந்தச் செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. பொருளைத் திருப்பித் தர மூன்று நாள் அவகாசம் உண்டு என்ற விவரம் பைஹகீ முதலிய நூல்களில் வருகிறது.

மல்லிப்பட்டினம், கோட்டைப்பட்டினம், தொண்டி, மண்டபம் என நம் மக்கள் கடலை நம்பி வாழும் ஊர்களில் பழைய படகு வாங்குவோருக்கு இந்த ஹதீஸ் மிகவும் தேவை. வெளிநாட்டில் சம்பாதித்த பணத்தையோ, வீட்டுப் பெண்களின் நகையையோ போட்டு வாங்கும் பொருள் அது. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். படகு கரையேறிக் கிடக்கும் அந்த நாட்களில்தான் அடிப்பாகத்தை நன்றாகப் பார்க்க முடியும். ஆனால் நம்மவர்கள் ஜூன் இரண்டாவது வாரத்தில்தான் அவசரமாகத் தேடுகிறார்கள். தரகருக்கு அதைவிட வசதியான நேரம் இல்லை.

தரகுத் தொழில் ஆகுமானதே. கூலி வாங்குவதும் ஆகும். ஆனால் பெரும்பாலும் அவர் விற்பவரின் ஆள். கைராசியான படகு, பால் மாதிரி ஓடும் இன்ஜின் என்று அவர் சொல்வதெல்லாம் கல்யாணத் தரகர் மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்வதைப் போன்றது. எனவே கேள்விகளை உரிமையாளரை நேரில் வைத்துக்கொண்டு கேளுங்கள். எப்போது கடைசியாகக் கரையேற்றினீர்கள்? எங்கே ஓட்டை அடைத்தீர்கள்? இன்ஜினைப் பிரித்து வேலை பார்த்தீர்களா? ஏன் விற்கிறீர்கள்? பதிலை இரண்டு பேர் கேட்க வேண்டும்.

புதுப் பெயின்ட்டைக் கண்டால் மகிழாதீர்கள். விற்பதற்கு முன் ஆட்டின் மடியைக் கட்டிப் பாலைத் தேக்கி, நிறையக் கறக்கும் ஆடு போலக் காட்டுவதை நபியவர்கள் தடுத்தார்கள். இதற்கு தஸ்ரியா என்று பெயர். ஷாஃபிஈ ஃபிக்ஹ் நூல்கள் இதோடு இன்னொரு உதாரணத்தையும் சேர்க்கின்றன. நீரால் சுற்றும் திரிகைக்கான தண்ணீரைத் தடுத்து வைத்திருந்து, விற்கும் நேரத்தில் திறந்துவிட்டு வேகமாகச் சுற்ற வைப்பது. அந்த நாளிலேயே இந்தத் தந்திரம் இருந்திருக்கிறது! நீங்கள் போய்ச் சேரும் முன்பே இன்ஜினை ஓட்டிச் சூடாக்கி வைப்பதும் இதே வகைதான். ஆகவே முதலில் இன்ஜின் மேல் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் ஆறும்வரை உட்காருங்கள். ஆறிய இன்ஜின் எத்தனை முயற்சியில் கிளம்புகிறது, புகை நீலமாக வருகிறதா என்று கவனியுங்கள். நீலப் புகை, ஆயில் எரிவதன் அடையாளம். ஆயில் பால் கலந்தது போல் வெளுத்திருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. ஃபைபர் படகின் பக்கங்களை மரக்கட்டையால் தட்டிப் பார்த்தால் நல்ல இடம் கணீரென்றும், உள்ளே பிரிந்த இடம் மந்தமாகவும் ஒலிக்கும். மரப்படகானால் ஏரா, வங்குகளில் கத்தி முனையை ஊன்றிப் பார்க்க வேண்டும். இதற்கெல்லாம் மெக்கானிக்கையும் ஆசாரியையும் நீங்களே அழைத்துச் செல்லுங்கள். தரகர் கூட்டி வருபவர் வேண்டாம்.

“நாகப்பட்டினத்துக்காரர் ஐம்பதாயிரம் கூடக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்” என்பது அடுத்த பேச்சு. வாங்கும் எண்ணமில்லாமல் விலையை ஏற்றிவிடுவது நஜ்ஷ் எனும் ஹராமான செயல். இல்லாத ஆளைச் சொல்லி ஏற்றுவது பொய்யும் மோசடியும் ஆகும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நஜ்ஷில் ஏமாந்து வாங்கியவருக்குப் பொருளைத் திருப்பித் தரும் உரிமை இல்லை என்பதே ஷாஃபிஈ மத்ஹபில் ஏற்றமான சொல். பாவம் அவருக்கு, நஷ்டம் உங்களுக்கு. அதனால் விலையை நாலு பேரிடம் விசாரித்துக்கொண்டு போவது உங்கள் பொறுப்பு.

எல்லாவற்றையும் விட முக்கியமான வாசகம் இது: “இருக்கிறபடி எடுத்துக்கோங்க, அப்புறம் எந்தக் குறைக்கும் நாங்க பொறுப்பில்லை.” நம் இரு மத்ஹபுகளும் பிரியும் இடம் இது. ஹனஃபி மத்ஹபில் இந்த நிபந்தனையை ஏற்று வாங்கிவிட்டால் பிறகு குறையைக் காட்டித் திருப்பித் தர முடியாது. ஷாஃபிஈ மத்ஹபில், விற்பவருக்கே தெரியாமல் கால்நடைக்குள் மறைந்திருக்கும் நோய் போன்றவற்றுக்கு மட்டுமே இந்த நிபந்தனை செல்லும், படகுக்குச் செல்லாது. கடற்கரை ஊர்களில் பலர் ஷாஃபிஈகள், விற்பவர் உள்நாட்டு ஹனஃபியாக இருக்கலாம். பிறகு ஜமாஅத்தில் உட்கார்ந்து ஆளுக்கொரு நூலைக் காட்டுவதை விட, அந்த வாசகத்தைத் தரகர் சொன்ன உடனேயே “எனக்குச் சம்மதமில்லை” என்று சொல்லிவிடுங்கள். குறையை அறிந்தே மறைப்பது எந்த மத்ஹபிலும் கூடாது. விற்பவர் மட்டுமல்ல, அந்தக் குறை தெரிந்த மூன்றாம் மனிதரும் வாங்குபவரிடம் சொல்ல வேண்டும் என்று ஷாஃபிஈ அறிஞர்கள் எழுதுகிறார்கள். கரையில் நின்று “நமக்கேன் வம்பு” என்று பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். அது புறம் பேசுவதாகாது.

அதற்குப் பதில் நீங்கள் கேட்க வேண்டியது மூன்று நாள் அவகாசம். நல்ல படகை விற்பவர் இதற்கு அஞ்ச மாட்டார். அந்த நாட்களில் அவருக்குத் தெரிவித்துவிட்டுக் கடலில் ஓட்டிச் சோதியுங்கள். வலை போட்டுச் சம்பாதிக்க இறங்காதீர்கள், அது சம்மதமாகிவிடக் கூடும். அவகாசம் முடிந்த பிறகு பழைய குறை ஒன்று தெரிய வந்தாலும் வழி அடைபடவில்லை. ஆனால் அன்றைக்கே விற்றவரிடம் சொல்ல வேண்டும். “இந்த வாரம் மீன்பாடு நல்லா இருக்கு, பிறகு பார்ப்போம்” என்று குறை தெரிந்தும் தொழிலுக்குப் போனால் திருப்பித் தரும் உரிமை போய்விடும்.

அட்வான்ஸ் விஷயத்திலும் அவசரம் வேண்டாம். வாங்காவிட்டால் அட்வான்ஸ் திரும்ப வராது என்ற நிபந்தனையை ஹனஃபி, மாலிக்கி, ஷாஃபிஈ மத்ஹபுகள் ஏற்பதில்லை; இமாம் அஹ்மத் (ரஹ்) அனுமதிக்கிறார்கள். காலக்கெடு வைத்தால் கூடும் என்று இக்கால ஃபிக்ஹ் அவைகளும் சொல்லியிருக்கின்றன. எப்படியானாலும் கொடுக்கும் முன்பே பேசிவிடுங்கள்.

மீன்வளத்துறைப் பதிவுச் சான்றில் உள்ள எண்ணும் படகில் எழுதிய எண்ணும், இன்ஜின் எண்ணும் ஒத்துப் போகின்றனவா என்று பாருங்கள். பெயர் மாறாத படகுக்கு மானிய டீசல் வாங்குவதில் சிக்கல் வரும். படகின் மேல் வங்கிக் கடன் உண்டா, மீன் வியாபாரியிடம் வாங்கிய முன்பணம் உண்டா என்பதையும் கேளுங்கள். பல ஊர்களில் வியாபாரி முன்பணம் கொடுத்து, பிடிக்கும் மீனைத் தனக்கே தர வேண்டும் என்று கட்டிப் போடுகிறார். பணம் போதாதவருக்குத் தரகரே அப்படி ஒரு வியாபாரியைக் காட்டி, “வட்டியே கிடையாது பாய்” என்பார். கடனுக்காக மீனைச் சந்தை விலையை விடக் குறைத்துத் தரச் சொன்னால், அந்தக் குறைவுதான் வட்டி. கடன் கொடுத்தவர் அதைக் கொண்டு அடையும் நிபந்தனைப் பயன் ரிபா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை.

எழுதும் தாளில் படகின் பதிவெண், இன்ஜின் எண், விலை, கொடுத்த தொகை, பாக்கி, தவணைத் தேதி, சொல்லப்பட்ட குறைகள், மூன்று நாள் அவகாசம் தொடங்கும் நேரம் ஆகியவை இருக்கட்டும். தரகுக் கூலி யார் தருவது, எவ்வளவு என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்ட பிறகு பணத்தை உரிமையாளர் கையிலேயே கொடுங்கள்.