வீட்டுக்கு ஷவர்: மலையகத்துக் கணக்கு வேறு

கடைக்கு ஒரு சரக்கு எடுப்பதென்றால் அடக்க விலை, ஏற்றுக்கூலி, சேதம், இலாபம் என்று நான்கு பக்கமும் கணக்குப் பார்ப்பவர்கள் நாம். சொந்த வீட்டில் ஒரு வேலை என்று வந்துவிட்டால் மட்டும் கணக்குக் கொப்பியைக் கல்லாவில் வைத்துப் பூட்டிவிடுகிறோம். சுடுநீர் ஷவர் பொருத்துவதும் அப்படியான ஒரு வேலைதான். ஹட்டன், டிக்கோயா, தலவாக்கலை, நுவரெலியாப் பகுதிகளில் பல வீடுகளுக்கு நான் மதிப்பீடு போட்டுக் கொடுத்திருக்கிறேன். எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "ஷவர் செட் என்ன விலை?" என்பதே. மொத்தச் செலவில் அது ஒரு சிறு பங்குதான்.

கொழும்புக் கணக்கு சரிவராது

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஹட்டன் 1,250 மீற்றருக்கு மேல். கொழும்பில் குழாயில் வரும் நீர் சுமார் 28 பாகையில் இருக்கும். குளிக்க 40 பாகை போதும் என்றால் அங்கே 12 பாகை சூடாக்கினால் சரி. இங்கே குளிர்காலத்தில் நீர் 15 பாகை என்று வைத்துக்கொண்டால் 25 பாகை சூடாக்க வேண்டும். வேலை இரு மடங்கு.

ஆகவே கொழும்பில் நிமிடத்துக்கு 4 லீற்றர் சுடுநீர் தரும் 3.5 கிலோவாற் இன்ஸ்டன்ட் ஹீட்டர், இங்கே 2 லீற்றர்தான் தரும். 5.5 கிலோவாற் ஹீட்டரும் 3 லீற்றரைச் சற்றே தாண்டும். கொழும்பு மச்சான் வீட்டில் பார்த்ததை அப்படியே வாங்கி வந்து, "சூடு வரவில்லை" என்று குறைப்படுவதில் பயனில்லை.

தாங்கியுடன் கூடிய கீஸர் இன்னொரு வழி. 50 லீற்றரை 60 பாகைக்குச் சூடாக்கினால் குளிர்நீர் கலந்து ஏறத்தாழ 90 லீற்றர் குளிக்கும் நீர் கிடைக்கும். 2 கிலோவாற் கீஸருக்கு இதற்கு 1 மணி 20 நிமிடம் ஆகும். ஸுப்ஹுக்கு முன் குளிப்பவர் அதற்கேற்ப நேரத்தோடு சுவிட்சைப் போட வேண்டும். சூரிய சக்தி ஹீட்டர் வாங்குவோர், மாதக்கணக்கில் மூட்டமாக இருக்கும் நம் ஊரில் மின்சாரத் துணையும் தேவை என்பதைச் சேர்த்தே விலை பார்க்க வேண்டும்.

பணம் எங்கே போகிறது?

முதலாவது மின்சாரம். 5.5 கிலோவாற் ஹீட்டர் 24 அம்பியர் இழுக்கும். வீட்டு இணைப்போ பொதுவாக 30 அம்பியர்தான். பிரதான பலகையிலிருந்து தனி வயர், தனி பிரேக்கர், எர்த், 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் ஆகியவை கட்டாயம். இதில் மிச்சம் பிடிப்பது உயிரோடு விளையாடுவதாகும்.

இரண்டாவது குழாய். சாதாரண பீவீசி குழாய் சுடுநீருக்கு இளகிவிடும். சீபீவீசி அல்லது பீபீஆர் குழாய் போட வேண்டும். சுவருக்குள் போனபின் மாற்றுவதென்றால் டைல்ஸையும் உடைக்க வேண்டிவரும்.

மூன்றாவது நீரின் அழுத்தம். தாங்கி ஷவருக்கு மேலே 3 மீற்றரில் இருந்தால் 0.3 பார் அழுத்தமே கிடைக்கும். அகலமான மழை ஷவருக்கு அது போதாது. தாங்கியை உயர்த்துவதா, பம்ப் வைப்பதா என்பதை ஷவர் வாங்குமுன்னரே முடிவுசெய்யுங்கள்.

நான்காவது தளம். டைல்ஸ் ஒட்டுமுன் நீர்க்காப்புப் பூச்சுப் பூசி, ஒரு நாள் முழுவதும் நீரைத் தேக்கிவைத்துக் கசிவு பார்க்க வேண்டும். வயதான பெற்றோர் இருக்கும் வீட்டில் வழுக்காத டைல்ஸும் கைபிடிக் கம்பியும் ஆடம்பரமல்ல.

என் கணக்கில் 100 ரூபாவை இப்படிப் பிரிப்பேன்: தளமும் டைல்ஸும் 30, ஹீட்டரும் வயரிங்கும் 25, குழாய் வேலை 15, ஷவர் செட் 10, பாஸ்மாரின் கூலி 10, எதிர்பாராத செலவு 10. அந்தக் கடைசிப் 10ஐ முதலில் ஒதுக்கிவையுங்கள். விலைமனுவில் வற் வரி சேர்ந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். 2024 ஜனவரியில் அது 18 வீதமாக உயர்ந்தது.

மாதச் செலவு

நான்கு பேர், ஆளுக்கு 30 லீற்றர் வீதம் தினமும் குளித்தால் நாளொன்றுக்கு 3.5 யூனிட், மாதம் 105 யூனிட். இது ஏற்கனவே உள்ள பாவனைக்கு மேலதிகம். யூனிட் கூடக்கூடக் கட்டண வீதமும் கூடும் என்பதால், பில் இரு மடங்கை விடவும் உயரலாம். நபி (ஸல்) அவர்கள் ஒரு ஸாஉ முதல் ஐந்து முத்து வரையான நீரில் குளித்ததாக ஹதீஸ் கூறுகிறது. அது 3, 4 லீற்றருக்குள் அடங்கும். நாம் 30ஐ 20 ஆக்கினாலே மாதம் 35 யூனிட் மிச்சம்.

கழிவுநீரும் அயலவர் உரிமையும்

மலைச்சரிவில் நம் வீட்டுக் கழிவுநீர் கீழ்வீட்டாரின் முற்றத்துக்கோ, அவர்கள் குடிநீர் பிடிக்கும் பீலிக்கோ போகக்கூடாது. நீர் ஊறிய மண் சரியும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலையகத்தில் என்ன செய்தது என்று கண்ணால் கண்டோம். முறையான வடிகாலுக்கான செலவும் மதிப்பீட்டில் இருக்க வேண்டும்.

யாருடைய பணம்?

ஏப்ரல் சீசனுக்குச் சரக்கு எடுக்க வைத்திருக்கும் முதலைக் குளியலறைக்குள் போடாதீர்கள். வட்டிக்கு வாங்கவும் வேண்டாம். வேலையை இரண்டாகப் பிரியுங்கள். சுவருக்குள் மறையும் குழாய், வயர், நீர்க்காப்பு, வடிகால் ஆகியவற்றை இப்போது தரமாகச் செய்யுங்கள். ஹீட்டரையும் நல்ல ஷவரையும் சீசன் முடிந்தபின் கைக்காசுக்கு வாங்கலாம். அதுவரை வாளியும் அடுப்பில் சூடாக்கிய நீரும் இருக்கின்றன.

ஹாட்வெயார் கடைச் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்திய உதவியில் தோட்டங்களில் முதற்கட்டமாக 4,000 வீடுகள் திட்டமிடப்பட்டன. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். லயத்திலிருந்து 7 பேர்ச் காணியிலுள்ள தனி வீட்டுக்கு வரும் குடும்பம் நாளை உங்கள் கடைக்கு வந்து ஹீட்டர் கேட்கும். தேவையான வயரையும் குழாயையும், வரப்போகும் பில்லையும் விற்குமுன்னரே சொல்லிவிடுங்கள். ஒரு ஹீட்டர் குறைவாக விற்பனையாகலாம். ஆனால் அந்த வாடிக்கையாளர் உங்களை விட்டுப் போகமாட்டார். பொருளின் குறையை மறைக்காத வியாபாரத்தில்தான் பரக்கத் இருக்கிறது.