மரம் நடச் செல்லும் விடுமுறை

விடுமுறை என்றதும் நம் உள்ளத்தில் எழும் எண்ணங்கள் யாவை? உதகைக்கோ கொடைக்கானலுக்கோ ஒரு பயணம். உறவினர் இல்லத்தில் சில நாள். விருந்து, உறக்கம், ஓய்வு. உழைத்துக் களைத்த உடலுக்கு ஓய்வு தேவைதான். மார்க்கமும் அதை மறுக்கவில்லை. ஆனால், கைப்பணத்தைச் செலவிட்டுத் தொலைதூரம் சென்று, குளிரிலும் மழையிலும் மண்ணைத் தோண்டி, உடல் நோக உழைத்துவிட்டு, 'விடுமுறை இனிதே கழிந்தது' என்று மகிழ்வோடு வீடு திரும்பும் மக்களும் இவ்வுலகில் இருக்கிறார்கள் என்றால் வியப்பாக இல்லையா, வாசக நேயர்களே?

பிரிட்டனில் இவ்வழக்கம் அரை நூற்றாண்டைக் கடந்தது. 1959ஆம் ஆண்டு மார்ச் திங்களில், இலண்டன் மாநகருக்குத் தெற்கேயுள்ள பாக்ஸ் ஹில் என்னும் குன்றில் 42 தொண்டர்கள் கூடினர். அக்குன்றில் வளர்ந்த செடிகளைப் புதர்கள் மண்டி நெருக்கிக் கொண்டிருந்தன. அப்புதர்களை வெட்டி அகற்றியதே அவர்களின் முதற்பணி. 'கன்சர்வேஷன் கார்ப்ஸ்' எனத் தொடங்கிய அவ்வமைப்பு, 2012 முதல் 'தி கன்சர்வேஷன் வாலண்டியர்ஸ்' எனும் பெயரால் வழங்குகிறது. விடுமுறையைத் தொண்டில் கழிக்கும் பழக்கத்தை அந்நாட்டில் வேரூன்றச் செய்ததில் அதற்குப் பெரும் பங்குண்டு.

இத்தொண்டு சிறந்து விளங்கும் இடங்களுள் ஒன்று ஸ்காட்லாந்தின் மலைநாடு. பனியுகம் முடிந்தபின் அங்கே பைன் மரங்கள் ஓங்கிய பெருங்காடு ஒன்று பரவியிருந்தது. கலிடோனியக் காடு என்பது அதன் பெயர். பல நூற்றாண்டுகளாக மரத்துக்காகவும் விறகுக்காகவும் மேய்ச்சலுக்காகவும் மனிதன் அதை அழித்தான். இன்று எஞ்சியிருப்பது நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான்.

வெட்டுவதை நிறுத்தினால் காடு தானாகவே வளர்ந்துவிடாதா என்று நீங்கள் கேட்கலாம். இங்கேதான் நாம் சிந்திக்க வேண்டிய செய்தி இருக்கிறது. மான்களை வேட்டையாடிய ஓநாய்களை மனிதன் அந்நாட்டில் அடியோடு ஒழித்தான். செல்வந்தரின் வேட்டை விளையாட்டுக்காக மான்கள் பெருமளவில் பெருக விடப்பட்டன. விதைகள் விழுந்தன, முளைத்தன, ஆனால் தலைதூக்கிய கன்றுகளையெல்லாம் மான்கள் மேய்ந்துவிட்டன. பல பள்ளத்தாக்குகளில் முதிய மரங்கள் மட்டுமே நின்றன. அவற்றின் அடியில் ஓர் இளமரம்கூட இல்லை. பிள்ளைகளே இல்லாத முதியோர் இல்லம் போல் ஆயிற்று அக்காடு. அல்லாஹ் அமைத்த சமநிலையில் ஒன்றைக் குலைத்தால் மற்றொன்று எவ்வாறு சரியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இக்காட்டை மீட்க 'ட்ரீஸ் ஃபார் லைஃப்' என்னும் தொண்டு நிறுவனம் 1989இல் களப்பணியைத் தொடங்கியது. கிளென் அஃப்ரிக் பள்ளத்தாக்கில் முளைத்திருந்த கன்றுகளைச் சுற்றி வேலியடைத்தனர், மான்கள் நுழையவில்லை, கன்றுகள் தாமாகவே நிமிர்ந்தன. விதை மரங்களே இல்லாத இடங்களில் நாற்று வளர்த்து நட்டனர். 2008இல் டன்ட்ரெகன் என்னுமிடத்தில் ஏறத்தாழ 10,000 ஏக்கர் நிலத்தை அந்நிறுவனம் விலைக்கு வாங்கியது.

அங்கே நடக்கும் தொண்டு வாரங்களுக்கு மாணவரும் அலுவலரும் ஓய்வு பெற்றோரும் வருகிறார்கள். சுமார் பத்துப் பேர் ஒரு குழு. தங்குவதற்கும் உணவுக்கும் அவர்களே பணம் தருகிறார்கள். சமையலையும் துப்புரவையும் தமக்குள் பகிர்ந்துகொள்கிறார்கள். பகலில் ஈரப் புல்தரையை மண்வெட்டியால் கீறிக் கன்றை நட்டுக் காலால் மண்ணை அழுத்துகிறார்கள், நாற்றங்காலில் களை பறிக்கிறார்கள், விதை சேகரிக்கிறார்கள். வேலியின் தேவை தீர்ந்த இடங்களில் அதைப் பிரித்தெடுப்பதும் அவர்கள் பணியே. காட்டுப் பறவைகள் அக்கம்பிகளில் மோதி மடிந்துவிடக் கூடாதல்லவா!

அந்தப் பைன் மரம் முந்நூறு ஆண்டுகள் வாழ வல்லது. அறுபது வயதில் அதை நடுபவர் அதன் முழு வளர்ச்சியை ஒருநாளும் காணப்போவதில்லை. அறிந்தே நடுகிறார். அவருடைய நோக்கத்தை அல்லாஹ் அறிவான். நாம் பார்க்க வேண்டியது நம்மைத்தான்.

ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து பறவையோ மனிதனோ விலங்கோ உண்டால், அது அவருக்குத் தர்மமாக எழுதப்படும் என்னும் கருத்தமைந்த நபிமொழியை நான் ஆண்டுதோறும் மாணவர்களுக்கு ஓதிக் கொடுத்து வருகிறேன். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் அது இடம்பெற்றுள்ளது. ஒருநாள் பாடம் முடிந்ததும் சிறுவன் ஒருவன் எழுந்து, "ஹஜ்ரத், நீங்கள் நட்ட மரம் எங்கே இருக்கிறது?" என்று கேட்டான். குறும்பாக அல்ல, பார்க்கும் ஆவலில் கேட்டான். என்னிடம் விடையில்லை. அரபுச் சொற்களுக்கெல்லாம் பொருள் சொன்ன நான், மண்வெட்டியைக் கையில் எடுத்ததே இல்லை.

ஸல்மான் பார்ஸி (ரலி) அவர்களின் வரலாறு அன்றிரவு நினைவுக்கு வந்தது. அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற அவர்கள் 300 ஈச்சங்கன்றுகளை நட்டுத் தர வேண்டும். 40 ஊக்கியா பொன்னும் தர வேண்டும். சகோதரருக்கு உதவுங்கள் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். தோழர்கள் முப்பது, இருபது, பத்து என இயன்ற அளவு கன்றுகளைக் கொண்டு வந்தார்கள். கூடிக் குழி தோண்டினார்கள். நபிகள் நாயகமே தம் திருக்கரத்தால் கன்றுகளை நட்டார்கள். கூடி மரம் நடுவது மேலைநாட்டார் நமக்குக் கற்றுத்தர வேண்டிய புதுமை அன்று. நாம் மறந்துவிட்ட பழமை.

அந்த மழைக்காலத்தில் மாணவர்களும் நானும் மதரஸா வளாகத்தில் ஆறு கன்றுகள் நட்டோம். மூன்று வேம்பு, மூன்று பூவரசு. ஒரு வாரத்தில் இரண்டு பூவரசை ஆடுகள் மேய்ந்துவிட்டன. ஸ்காட்லாந்து மான்களின் கதையைச் சொல்லியவாறே எஞ்சிய நான்குக்கும் முள்வேலி கட்டினோம். நடுவது ஒருநாள் வேலை. காப்பதே தொண்டு என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அன்பர்களே! வரும் விடுமுறையில் ஒரேயொரு நாளை ஒதுக்குங்கள். பள்ளிவாசல் வளாகமோ, கபரஸ்தானின் ஓரமோ, வீட்டின் பின்புறமோ, பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு கன்றை நட்டு, வேலியும் கட்டுங்கள். நாம் போன பின்னும் அந்நிழலில் யாரோ ஒருவர் களைப்பாறுவார், இன்ஷா அல்லாஹ். 'நீங்கள் நட்ட மரம் எங்கே?' என்று நம் பிள்ளைகள் கேட்கும்போது, விரல் நீட்டிக் காட்ட நமக்கும் ஒன்று வேண்டாமா?